கற்பிட்டிக் கோட்டைக்குப் போகும் பிள்ளைக்கு: 22 பயனுள்ள குறிப்புகள்

பாலாவியில் திரும்பி கற்பிட்டி வீதியில் ஏறும் பாடசாலை பஸ்களை எங்கள் பக்கத்தில் அடிக்கடி காணலாம். மலையகம், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வருகிறார்கள். பலருக்கு இது மூன்று நாள் கல்விச் சுற்றுலா. ஒரு நாள் சிலாபமும் முன்னேஸ்வரமும், ஒரு நாள் புத்தளமும் கற்பிட்டிக் கோட்டையும், மிச்ச நாள் தலவில் தேவாலயமோ கலா ஓயாக் கண்டல் காடோ. பஸ்ஸை விட்டு இறங்கும்போது சிலருக்குத் தலைசுற்று, சிலருக்குப் பசி. கோட்டை வாசலில் நிற்கும் பிள்ளையிடம் "இங்கே யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்று கேட்டால் பதில் வராது. வயிற்றுக்கும் கேள்விக்கும் வீட்டிலேயே ஆயத்தம் செய்யலாம். அம்மாமாருக்கும் உம்மாமாருக்கும், பை கட்டிக் கொடுக்கும் அப்பாமாருக்கும் இந்தக் குறிப்புகள்.

1. புறப்படுவதற்கு இரண்டு நாள் முந்தி ஒரு வேளை உப்பில்லாமல் சமையுங்கள். பருப்பு, சம்பல், மீன் எதிலும் உப்புப் போட வேண்டாம். பிள்ளை முதல் கவளத்திலேயே முகம் சுளிக்கும். அப்போது கதையைத் தொடங்குங்கள். மலை நாட்டுக்குள் இருந்த கண்டி இராச்சியத்துக்கு உப்பு கரையிலிருந்துதான் ஏற வேண்டும். புத்தளம் நெடுங்காலம் அந்த இராச்சியத்தின் துறைமுகம். புத்தளம் களப்புக்குள் தோணி நுழையும் வாயிலில் இருப்பது கற்பிட்டி. அந்த வாயிலைப் பிடித்து வைத்திருப்பவனுக்கு மலைமேல் படை அனுப்ப வேண்டிய தேவை குறைவு. உப்பையும் துணியையும் பாக்கையும் மறித்தாலே போதும். போர்க்களம் என்றதும் பிள்ளைகள் வாளையும் பீரங்கியையும்தான் எதிர்பார்ப்பார்கள். இந்தக் கரையில் நடந்த போரில் பெரும்பங்கு வாயிலை அடைக்கும் போர். ஒரு வேளை உப்பில்லாமல் சாப்பிட்ட பிள்ளைக்கு அதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை.

2. ஒரு சிறு காகிதத்தில் நான்கு ஆண்டுக் குறிப்புகளை எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்து விடுங்கள். 1659: ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கற்பிட்டியைப் பிடித்தது. 1667 முதல் 1676 வரை: கோட்டை கட்டியது. 1766: ஒல்லாந்தர் கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராஜசிங்கனோடு உடன்படிக்கை செய்து கரையோரம் முழுவதையும் தமதாக்கிக் கொண்டது. 1795: கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. கட்டிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டாம் இராஜசிங்கனிடம் தேவாலயம் கட்டுவதாகச் சொல்லித்தான் ஒல்லாந்தர் அனுமதி வாங்கினார்களாம். உண்மை தெரிந்ததும் மன்னன் ஆட்களையும் பொருட்களையும் நிறுத்தி விட்டானாம். அதனால்தான் வேலை அவ்வளவு காலம் இழுபட்டது என்று சொல்வார்கள். ஆண்டுகளை மறக்கும் பிள்ளையும் இந்தக் கதையை மறக்காது.

3. கோட்டை வாசலில் எதைப் பார்ப்பது என்றும் சொல்லி அனுப்புங்கள். சுற்றுச் சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும். எங்கள் கடலிலிருந்தே எடுத்தவை. வாசல் வளைவில் மட்டும் மஞ்சள் நிறச் சிறு செங்கல் இருக்கும். அது கப்பலில் வந்தது. சுவரையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தால் உள்ளூர்க் கல் எது, கடல் கடந்து வந்த கல் எது என்று பிள்ளையே பிரித்துச் சொல்லும். ஒரு பென்சிலும் கோடில்லாத கொப்பியும் கொடுத்து அந்த வளைவை வரையச் சொல்லுங்கள். படம் பிடிப்பதைவிட வரைந்தால்தான் கண் ஒரு இடத்தில் நிற்கும்.

4. கோட்டை கடற்படை முகாமோடு சேர்ந்திருக்கிறது. கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படம் எடுக்கலாமா என்பதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை ஆசிரியர் கொண்டு வருவார் என்றாலும், பாடசாலை அடையாள அட்டை பிள்ளையின் கழுத்தில் இருக்கட்டும்.

5. பை பிள்ளையால் தனியே தூக்கிக் கொண்டு பஸ் படி ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் பிள்ளையின் தோளில் போட்டு வீட்டு முற்றத்தை இரண்டு சுற்று நடக்க விடுங்கள். மூச்சு வாங்கினால், வெளியே எடுக்க வேண்டியவை எவை என்று பிள்ளையே சொல்லும்.

6. உடுப்பை நாள்வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு துணிப் பையில் சுருட்டி வையுங்கள். முதல் நாள் உடுப்பு, துவாய், உள்ளாடை எல்லாம் ஒரே சுருளில். இருட்டறையில் முப்பது பிள்ளைகளோடு நின்று பையைக் கிளற வேண்டியதில்லை. அழுக்குத் துணிக்கு ஒரு வெறும் பை. ஈரத் துவாயை அதற்குள் திணிக்க வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். பஸ் இருக்கையின் பின் கம்பியில் காயப் போடலாம்.

7. முன்னேஸ்வரம், தலவில் தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் ஒரே பயணத்தில் வரும். முழங்காலை மூடும் உடுப்பும் ஒரு சால்வையும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். முன்னேஸ்வரத்தையும் போர் தொட்டிருக்கிறது. 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள்; 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராஜசிங்கன் அதைத் திரும்பக் கட்டுவித்தான். அதே மன்னன்தான் 1766இல் கரையை ஒல்லாந்தரிடம் இழந்தவன். சட்டைப் பைக் காகிதத்தில் 1578, 1753 இரண்டையும் எழுத இடம் இருக்கும்.

8. புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். ஒரு மாதமாவது காலில் பழகியதைப் போட்டு அனுப்புங்கள். மணலில் நடக்க ஒரு சோடி செருப்பு போதும். மத்தியான வெயிலில் முருகைக்கல்லும் மணலும் கொதிக்கும். வெறுங்காலோடு ஓட விடக் கூடாது.

9. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகக் காற்று இங்கே விடாமல் அடிக்கும். மணலை வாரிக் கண்ணில் போடும். தொப்பி கொடுப்பதென்றால் நாடியில் கட்டும் நாடா உள்ளதாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது களப்புக்குத்தான் சொந்தம். கண்ணில் மணல் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும் என்று பழக்கி விடுங்கள். மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த வெயிலும் காற்றும் புதியவை. காற்று அடிப்பதால் வெயில் தெரியாது, ஆனால் உடம்பு தண்ணீரை இழந்து கொண்டே இருக்கும்.

10. முதல் நாள் மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து போவதுதான் நல்லது. ஆனால் விடிய நான்கு மணிக்குக் கட்டியது பகல் பன்னிரண்டுக்குப் புளித்துப் போகக் கூடாது. தேங்காய்ப் பூவும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த எதுவும் பஸ் சூட்டில் தாங்காது. இடியப்பத்துக்குச் சொதியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் கட்டிக் கொடுக்க வேண்டாம். நான் சொல்வது புளிச்சோறு. புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயப் பொடி போட்டு, எண்ணெய் மேலே மிதந்து பிரியும் வரை வற்ற விடுங்கள். சோற்றைத் தட்டில் பரப்பி, ஆவி முழுக்கப் போன பிறகு கலக்குங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து அந்தத் தண்ணீரில்தான் சோறு கெடும். வாழையிலையை அனலில் வாட்டி, ஈரம் துடைத்து, அதில் கட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். தொட்டுக்கொள்ளச் சீனிச் சம்பல். வெங்காயம் நன்றாகப் பொன்னிறமாக வதங்கியிருந்தால் அடுத்த நாள் பாணுக்கும் வரும். முட்டை அவித்தால் ஓட்டோடு கொடுங்கள், மத்தியானத்துக்கு முன் சாப்பிடச் சொல்லுங்கள். கையால் பிசைந்த சோற்றைவிடக் கரண்டியால் கலந்த சோறு கூட நேரம் நிற்கும்.

11. இடைத்தீனுக்கு எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், அவித்துக் காய வைத்த கச்சான் நல்லவை. சொக்லேட் பாலாவிக்கு வருமுன் உருகிப் பையெல்லாம் பூசி விடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடக் கட்டுங்கள். பஸ்ஸில் தனியே தின்பது எந்தப் பிள்ளைக்கும் இறங்காது.

12. தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கற்பிட்டித் தீபகற்பம் மணல் தரை. அதன் மேல் வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்கள். போட்ட உரம் மணலுக்குள்ளால் இறங்கிக் கிணற்று நீரோடு சேர்கிறது. இங்குள்ள கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அதனால் தோட்டக் கிணற்றில் அள்ளிக் குடிக்க விடாமல், பஸ்ஸில் பெரிய தண்ணீர்ப் போத்தல்கள் ஏற்றச் சொல்லி ஆசிரியரிடம் முன்பே கேளுங்கள். ஆளுக்கு ஒரு லீற்றர்ப் போத்தல், பெயர் எழுதி. உடம்பு இழந்த தண்ணீருக்கும் உப்புக்கும் ஈடாகக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்று இரண்டும் பையில் இருக்கட்டும். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் போத்தலில் முழுப் பைக்கற்றைப் போடக் கூடாது.

13. பஸ்ஸில் சத்தி வரும் பிள்ளைக்கு முன் இருக்கை கேட்டு வாங்குங்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. இரண்டு பிஸ்கற்றும் இஞ்சித் தேத்தண்ணியும் போதும். கைபேசியைக் குனிந்து பார்க்காமல் தூரத்து வீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தேசிக்காய் ஒன்றும், ஓட்டையில்லாத இரண்டு பைகளும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

14. பிள்ளை வழக்கமாக எடுக்கும் மருந்து, ஒவ்வாத சாப்பாடு, வீஸிங், வலிப்பு இருந்தால் அவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆசிரியர் கையிலேயே கொடுங்கள். இறால், நண்டு ஒவ்வாத பிள்ளைகள் உண்டு. இந்தக் கரையில் அவை இல்லாத சாப்பாட்டுக் கடை அபூர்வம். மருந்தைப் பிள்ளையின் பையில் வைத்து விட்டு ஆசிரியருக்குத் தெரியாமல் விடுவதில் பயனில்லை.

15. பெரிய பெண் பிள்ளைகளுக்கு நாள் கணக்கு எதுவானாலும் நப்கின், பழைய செய்தித்தாள், கூடுதல் உள்ளாடை, கறுப்புக் கால்சட்டை ஒன்று ஆகியவற்றைச் சிறு பையில் தனியே வையுங்கள். பயண அலைச்சலில் நாள் முந்தி வருவது சாதாரணம். எந்த டீச்சரிடம் சொல்வது என்றும் முன்பே பேசி வையுங்கள். தாய் பக்கத்தில் இல்லாத மூன்று நாளில் பெண் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறில்லை.

16. இரவுத் தங்கல் பெரும்பாலும் பாடசாலை மண்டபத்திலோ மடத்திலோ தான். ஒரு பெட்சீட், ஒரு சாரம், நுளம்புக்குப் பூசும் களிம்பு, கையில் அடங்கும் டோர்ச். இரவில் வெளியே போவதானால் கூட ஒருவரை எழுப்பிக் கொண்டு போகச் சொல்லுங்கள்.

17. பணத்தைச் சில்லறையாக மாற்றி இரண்டு இடத்தில் வையுங்கள். விலை கூடிய கைபேசி, தங்கச் சங்கிலி, காப்பு வீட்டில் இருக்கட்டும்.

18. களப்பு அமைதியாகத் தெரியும், கடல் அழைக்கும். இரண்டிலும் இறங்க வேண்டாம் என்று உங்கள் வாயாலேயே சொல்லி அனுப்புங்கள். மேற்குக் கரை சோளகக் காலத்தில் கொந்தளிக்கும். எங்கள் மீனவரே பார்த்துத்தான் இறங்குவார்கள். வீதியோரத்தில் கழுதைகள் கூட்டமாக நிற்கும். அவற்றின் பின்னால் போய்ச் சீண்டினால் உதைக்கும்.

19. கோட்டையிலிருந்து ஒரு கல்துண்டுகூட எடுத்து வரக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் பழைய இடங்களைப் பாதுகாக்கிறது. சேதம் செய்வது குற்றம். சுவரில் பெயர் கீறுவதும் அதில் அடங்கும். ஞாபகத்துக்கு ஏதும் வேண்டுமென்றால் புத்தளத்தில் ஒரு பைக்கற் உப்பு வாங்கி வரச் சொல்லுங்கள். வழியில் வெள்ளைவெளேரென்று தெரியும் பாத்திகளிலிருந்து எடுத்தது. வீட்டில் அதைப் போட்டுச் சமைத்துக் கொடுங்கள்.

20. கருவாடு வாங்கி வரப் பணம் கொடுத்து விட்டால், கட்டும் முறையையும் சொல்லுங்கள். முதலில் செய்தித்தாளில் இரண்டு மடிப்பு, அதன் மேல் பொலித்தீன், அதற்கும் மேல் துணிப் பை. உடுப்புப் பையோடு சேர்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பிரித்து ஒரு நாள் நல்ல வெயிலில் காய வைத்துப் பிறகுதான் போத்தலில் போட வேண்டும். பயணத்தில் பொலித்தீனுக்குள் வேர்த்திருக்கும்.

21. வாயையும் ஆயத்தப்படுத்தி அனுப்புங்கள். நான் மிகவும் மனதில் வைத்திருக்கும் குறிப்பு இது. இந்தக் கரையின் பழைய போர்களில் ஒன்றை 'முக்கர ஹட்டன' என்ற ஓலைச்சுவடி சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டில், கோட்டே மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு காலத்தில், முக்குவர் என்ற கரையோரச் சமூகத்தவரை எதிர்க்கத் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம், காவேரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களிலிருந்து வீரர்கள் வந்து புத்தளத்தில் போரிட்டதாக அதில் இருக்கிறது. அந்தக் கதையோடு சேர்ந்த வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்ற பெயர்களைச் சிலாபம் தொடக்கம் நீர்கொழும்பு வரை கடைப் பலகைகளிலும் படகுகளிலும் இன்றும் காணலாம். அன்று எதிரெதிரே நின்றவர்களின் பிள்ளைகள் இன்று ஒரே கரையில் வலை இழுக்கிறார்கள். "உங்கள் ஆட்கள் தோற்றவர்கள்" என்ற பேச்சு பஸ்ஸில் எழவே கூடாது.

கிட்டிய காலத்துப் போரும் இங்கே இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். மிகப் பெரிய பங்கினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். பஸ் போகும் வீதியின் இரு பக்கத்திலும் அவர்கள் குடியிருப்புகள் உண்டு. உங்கள் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கும் உம்மம்மா மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்தவராக இருக்கலாம். வடக்கிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைக்கும் சொந்த வீட்டில் இழப்பு இருக்கும். யாரையும் "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று துருவிக் கேட்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் இருந்து கேட்கட்டும். இதை வீட்டில் அரை மணி நேரம் இருந்து பேசுங்கள். ஆசிரியர் ஐம்பது பிள்ளைகளுக்கு ஒலிவாங்கியில் சொல்வது வேறு, தாய் சோறு போட்டபடி சொல்வது வேறு.

சில பாடசாலைகள் இங்கிருந்து மன்னார்க் கோட்டை, ஆனையிறவு என்று மேலே போகின்றன. அப்படியானால் இன்னொன்றையும் சொல்லுங்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. மண்ணில் கிடக்கும் இரும்பு எதையும் தொடவும் உதைக்கவும் கூடாது. கண்டால் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

22. சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்குமுன் அதிபரிடம் மூன்று விடயம் கேளுங்கள்: வலயக் கல்விப் பணிமனை அனுமதி வந்துவிட்டதா, இரவில் பஸ் ஓடுமா, சாரதி எங்கே தூங்குவார். கேட்பது உங்கள் உரிமை. 1990 என்ற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் எண், 119 என்ற பொலிஸ் எண், 1929 என்ற சிறுவர் உதவி எண், உங்கள் வீட்டு எண் நான்கையும் அடையாள அட்டையின் பின்புறம் எழுதி ஒட்டுங்கள். பிள்ளை திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரினும் ஐபுபுரோபனும் கூடாது, டெங்கு என்றால் ஆபத்து. மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டி, பிள்ளை எந்தெந்த ஊரில் தங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.